மவுண்டன் லாரல்: நிழல் செடி என்று நம்பி நடாதீர்கள்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துப் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் முதலில் பின்பக்கம் தக்காளியும் கத்தரியும் வைப்பார்கள், அப்புறம் கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்குப் பயந்து உள்ளே வெளியே தூக்கி இடுப்பு வலி வாங்கிக்கொள்வார்கள், வாசல் பக்கம் என்ன வைப்பது என்ற யோசனை கடைசியில்தான் வரும். வடக்கு பார்த்த வாசல், தலைக்கு மேலே ஓக் மரம், பாதி நாள் நிழல், புல்லும் சரியாகப் பிடிக்காது. கடையில் போய் நிழலில் என்ன வரும் என்று கேட்டால் கையைக் காட்டுவது பெரும்பாலும் மவுண்டன் லாரலைத்தான். வருடம் முழுக்கப் பச்சை இலை, ஜூனில் கொத்துக் கொத்தாகப் பூ, இந்த மண்ணிலேயே பிறந்த செடி, மாநில மலர் வேறு. வேறென்ன வேண்டும்? வாங்கி வந்து வீட்டுச் சுவரை ஒட்டிக் குழி தோண்டி நட்டுவிடுகிறோம். இரண்டு குளிர் தாண்டும். அதற்குள் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு வசந்தத்தில் துளிரே வராது.

வளர்க்கக் கஷ்டமான செடி என்ற பேர் இதற்கு இப்படித்தான் வந்தது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே செடி யூனியன் ஊருக்குப் பக்கத்தில் நிப்மக் அரசுக் காட்டில், லாரலுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் சாலையோரம் முழுக்க, யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், பாறைக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. கஷ்டமெல்லாம் வீட்டைச் சுற்றி நாம் உண்டாக்கி வைத்திருக்கும் மண்ணில்தான் இருக்கிறது.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம். தாவரவியல் பெயர் கால்மியா லாட்டிஃபோலியா. 1748-லிருந்து 1751 வரை வட அமெரிக்காவில் சுற்றிய பெர் (Pehr) கால்ம் என்பவர், பெயர் வைப்பதில் பேர்போன லின்னேயஸின் மாணவர். மாணவர் பெயரையே குரு செடிக்கு வைத்துவிட்டார். மெய்ன் மாநிலத்தின் தெற்கிலிருந்து புளோரிடாவின் வடக்கு வரை, அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் முழுக்க இது காட்டுச் செடி. கனெக்டிகட் 1907-இல் மாநில மலராக எடுத்துக்கொண்டது, பென்சில்வேனியா 1933-இல். கனெக்டிகட் அடங்கிய வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் புதராக நிற்கும் இது, தெற்கே அப்பலாச்சியன் மலைகளில் மரமாகவே ஓங்கும். அங்கே கிளைகள் பின்னிப் பிணைந்து ஆள் நுழைய முடியாமல் கிடக்கும் இடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் லாரல் நரகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதில்லை. ஊட்டிப் பக்கம் சோலைக்காட்டு ஓரங்களில் ரத்தச் சிவப்பாகப் பூக்குமே, ரோடோடென்ட்ரான், காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். கடையில் டப்பா டப்பாவாக வாங்கும் புளூபெர்ரியும் அதே குடும்பம்தான். மூன்றுக்கும் புளிப்பு மண் வேண்டும்.

பூவைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். மொட்டு மடிப்பு மடிப்பாக, அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். விரிந்தால் ஒரு சின்னக் கிண்ணம், உட்பக்கம் சுற்றிலும் பத்துக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு மகரந்தத்தாளின் தலை செருகியிருக்கும், தாள் பின்னோக்கி வளைந்து விறைப்பாக நிற்கும். தேனீ வந்து உட்கார்ந்து கால் பட்டதும் தாள் விடுபட்டு மேலே தெறிக்கும், மகரந்தம் தேனீ மேல் வீசப்படும். ஒரு புல் நுனியால் தொட்டுப் பார்த்தாலே நடக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஜூனில் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடிவிடும், ஆனால் விளையாடி முடித்ததும் கை கழுவ வைக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, மண்ணுக்கு வருவோம், விஷயமே அதில்தான் இருக்கிறது.

மண்ணின் புளிப்பைச் சொல்லும் எண்தான் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். லாரலுக்கு அது 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருந்தால் சந்தோஷம். நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு என்ன கேட்பார்களோ அதே கணக்கு. பி.எச். ஒரு எண் ஏறினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதை மறந்துவிடுகிறோம்; 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை. பி.எச். ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது அந்த இரும்புப் பசிதான். அதைப் பார்த்து, பாவம் சத்து இல்லை என்று உரம் போடுகிறோம். போடப் போட மோசமாகிறது. இதன் வேர் மயிர் போல மெல்லியது, மேல்மண்ணிலேயே படர்வது, தன்னோடு கூட்டுச் சேர்ந்து வாழும் ஒரு வகைப் பூஞ்சை வழியாகத்தான் சத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மக்கிய இலையில் கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தில் வாழப் பழகிய செடி அது. நிறையப் போட்டால் வேர் கருகும்.

இந்த ஊர் மண் இயற்கையில் புளிப்பு மண்தான். பனியாறு அரைத்துப் போட்ட நைஸ், சிஸ்ட் பாறைகளின் தூள், மேலே நூற்றாண்டுகளாக விழுந்து மக்கிய ஓக் இலை. மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கேனன், சாலிஸ்பரி பக்கம் மட்டும் அடியில் சலவைக்கல் ஓடுகிறது, அந்தப் பள்ளத்தாக்கில் மண் சுண்ணாம்பு மண். மற்ற இடங்களில் லாரல் கேட்கும் மண் தானாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிமண்ணைப் பரப்பி மேலே புல் விதைத்துவிட்டுப் போகிறார்கள். அஸ்திவாரக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு மழைக்கு மழை கசிந்து சுவரோர மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு, புல்லுக்குப் புளிப்பு ஆகாது என்று வருடாவருடம் சுண்ணாம்புத்தூள் தூவ ஆளை வரச்சொல்கிறோம், அவர் தள்ளுவண்டியை வீட்டுச் சுவர் வரைக்கும் ஓட்டி லாரல் அடியிலும் தூவிவிட்டுப் போகிறார். ஒரே தோட்டத்தில் புல்லும் லாரலும் எதிரெதிர் கட்சி. பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டும் செழிக்க வேண்டும் என்றால் எப்படி?

அதனால் கடைக்குப் போகும் முன்னால் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். நியூ ஹேவனில் இருக்கும் கனெக்டிகட் வேளாண் பரிசோதனை நிலையம், 1875-இல் தொடங்கியது, அமெரிக்காவில் இந்த மாதிரி மாநில நிலையங்களில் முதலாவது. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத் தோட்ட மண்ணை இலவசமாகப் பரிசோதித்துச் சொல்கிறார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கொஞ்சம் கட்டணம். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி ஒரு மாதிரி, மரத்தடியில் ஒரு மாதிரி என்று தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டையும் கலந்து அனுப்பினால் வரும் எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது.

எண் 6-க்கு மேல் வந்தால் கந்தகத்தூள்தான் வழி. மண்ணில் இருக்கும் பாக்டீரியா கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு மண்ணில் சூடும் ஈரமும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எனவே நடுவதற்கு ஒரு பருவம் முன்பே பரிசோதனை முடிவில் சொல்லும் அளவுக்குப் போட்டுக் கிளறிவிட வேண்டும். சீக்கிரம் வேலை முடியும் என்று அலுமினியம் சல்ஃபேட்டைக் காட்டுவார்கள். அது பி.எச்.சைச் சீக்கிரம் இறக்கும், உண்மைதான், ஆனால் அளவு கூடினால் அலுமினியமே இந்தக் குடும்பத்து வேருக்குக் கெடுதல், நான் கையில் எடுப்பதில்லை. எண் 7-க்குப் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வேறு இடம் பாருங்கள், இல்லையென்றால் வேறு செடி.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி: ஃபில்டர் காபித் தூள் சக்கையைப் போடலாமா? போடலாம், மக்கினால் மண்ணுக்கு நல்லதே. ஆனால் காபியின் புளிப்பு டிகாக்ஷனோடு நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது, சக்கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட நடுநிலை, அதை நம்பிப் பி.எச். இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். பைன் ஊசி இலையும் அப்படித்தான், செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கு அருமை, மண்ணைப் புளிக்க வைக்கும் என்பது மிகைப்படுத்தல். உண்மையில் தூர வைக்க வேண்டியவை இரண்டு. கணப்படுப்புச் சாம்பல், ஊரில் வாழைக்கும் கீரைக்கும் போட்ட பழக்கத்தில் கை தானாகப் போகும், அது காரத்தன்மை உள்ளது, புளிப்புக்கு நேர் எதிர். அப்புறம் காளான் பண்ணையிலிருந்து மலிவாக வரும் மக்கு உரம், அதில் சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்தே வரும்.

இப்போது நிழல். அட்டையில் 'நிழல்' என்று போட்டிருப்பது பாதி உண்மை. லாரல் முழு நிழலில் சாகாது, இலை விட்டுக்கொண்டு இருக்கும், கிளை நீண்டு மெலிந்து வெளிச்சத்தைத் தேடிச் சாயும், பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். காட்டிலும் போய்ப் பாருங்கள், அடர்ந்த மரத்தடியில் இருப்பது பச்சை இலையாக மட்டும் நிற்கும், மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடத்திலும் பாதையோரத்திலும் இருப்பதுதான் பூவால் மூடியிருக்கும். காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும், அல்லது உயரமான மரத்தின் ஊடே சல்லடையாக விழும் வெளிச்சம், இந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும். ஓக் மரத்தடி நல்லது, கீழ்க்கிளைகளை ஆள் வைத்துக் கழித்துவிட்டால் இன்னும் நல்லது. மேப்பிள் அடியில் வைக்காதீர்கள், அதன் வேரும் மேல்மண்ணில்தான், லாரலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் வைக்காது. கறுப்பு வால்நட் மரம் இருந்தால் அதன் பக்கமே வேண்டாம், அந்த வேர் விடும் நஞ்சு லாரலுக்கு ஆகாது. தென்மேற்குச் சுவர் ஓரமும் தவிர்க்க வேண்டியது. பிப்ரவரியில் தரை உறைந்து கிடக்கும்போது அந்தச் சுவரில் வெயில் அடித்தால் இலை தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், வேரால் எடுக்க முடியாது, மார்ச்சில் இலை பழுப்பாகிவிடும்.

நடும்போது குழியை ஆழமாகத் தோண்டாதீர்கள், அகலமாகத் தோண்டுங்கள். தொட்டியில் இருந்து எடுத்த வேர்ப்பந்தின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஓர் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும், களிமண் என்றால் இன்னும் மேலே, சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கிக்கொள்ளலாம். ஆழத்தில் புதைத்தால் மூச்சு முட்டும், தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும், வந்தால் காப்பாற்றுவது சிரமம். இன்னொரு விஷயம், தொட்டிச் செடிகள் பீட் என்னும் சதுப்புநில மக்கும் மரப்பட்டையும் கலந்த கலவையில் வளர்ந்தவை, வேர் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கிடக்கும். அப்படியே இறக்கினால் வேர் வெளி மண்ணுக்குப் போகவே போகாது. அந்தப் பீட் ஒரு முறை காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, சுற்றி மண் நனைந்திருக்கும், செடி நடுவில் காய்ந்துகொண்டிருக்கும். கத்தியால் பக்கவாட்டில் நான்கு கீறல் போட்டு, வேரைக் கையால் பிரித்துப் பரப்பி நடுங்கள். இரக்கப்பட வேண்டாம்.

மேலே இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு, ஓக் இலையோ பைன் ஊசியோ மரப்பட்டையோ, தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி. களைக்கொத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், களையைக் கையால் பிடுங்கினால் போதும். முதல் இரண்டு வருடம் மழை இல்லாத வாரங்களில் வேர்ப்பந்து நனையும்படி ஒரு முறை நன்றாக ஊற்ற வேண்டும், தரை உறையும் முன் நவம்பரில் கடைசியாக ஒரு முறை. அதற்குப் பிறகு கடும் வறட்சி வந்தால் ஒழிய ஹோஸ் பைப்பைத் தொட வேண்டியதில்லை. நடுவதற்கு ஏப்ரலோ செப்டம்பரோ சரி.

எந்த ரகம் வாங்குவது? இந்த விஷயத்தில் கனெக்டிகட்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முன்னே சொன்ன அதே பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஜேன்ஸ் என்பவர்தான் இன்றைக்குக் கடைகளில் இருக்கும் ரகங்களில் நிறையவற்றை உருவாக்கினார், பிறகு ஹாம்டனில் புரோக்கன் ஆரோ என்ற நர்சரியும் தொடங்கினார். காட்டு லாரல் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. ரகங்களில் ஒலிம்பிக் ஃபயர் சிவப்பு மொட்டு விட்டு இளஞ்சிவப்பாக விரியும், சாரா அதைவிட அழுத்தமான நிறம், மினுவெட் குட்டை ரகம், வெள்ளைப் பூவுக்குள் சிவப்பு வளையம், எல்ஃப் மூன்றடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளும். தண்டு வெட்டி வைத்தால் லாரல் லேசில் வேர் விடாது, ஆய்வகத்தில் துளித் திசுவிலிருந்து செடி உண்டாக்கும் திசு வளர்ப்பு வந்த பிறகுதான் இந்த ரகங்கள் எல்லாம் சாதாரணக் கடைகளுக்கு வந்தன. என் விருப்பத்தைக் கேட்டால், இடம் இருந்தால் பெயரில்லாத காட்டு வகையே போதும், வாசல் ஜன்னல் அடியில் என்றால் மினுவெட். காட்டிலிருந்து பிடுங்கி வரலாமா என்று கேட்காதீர்கள். அரசுக் காட்டில் செடியைத் தோண்டக் கூடாது என்பது ஒரு பக்கம், அகலமாகப் படர்ந்த அந்த மெல்லிய வேரில் பாதிக்கு மேல் அங்கேயே அறுந்து தங்கிவிடும், கொண்டு வந்தாலும் பிழைக்காது.

நோய் என்று பார்த்தால் இலைப்புள்ளிதான் அதிகம். காற்றோட்டமில்லாத ஈர நிழலில் நெருக்கி நட்டால் இலை முழுக்கப் பழுப்புப் புள்ளி விழும். விழுந்த இலையைக் கூட்டி அள்ளி, செடிக்கு நடுவில் இடைவெளி விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும், மருந்து தேவைப்படாது. நேர்மாறாக வெயில் அதிகமான இடத்தில் இலைக்கு அடியில் லேஸ் பக் என்னும் பூச்சி உறிஞ்சி மேல்புறம் வெளுத்துப்போகும்.

மான் தனிக் கதை. விஷச்செடி, மான் தொடாது என்று கடையில் சொல்வார்கள். டிசம்பர் வரை தொடாது. பனி இரண்டடி கிடக்கும் ஜனவரியில் பசித்த மானுக்கு விஷமாவது ஒன்றாவது, தலைக்கெட்டும் உயரம் வரை மொட்டோடு சேர்த்து மொட்டையடித்துவிடும். இளம் செடிக்குக் குளிர்காலம் முழுக்க வலை கட்டுங்கள்.

நமக்குத்தான் விஷத்தில் கவனம் வேண்டும். இலை, பூ, தண்டு, மகரந்தம் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வாந்தி வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். ஆடு மாடு தின்று செத்தது காலனி காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி, இதன் பூவிலிருந்து தேனீ சேர்த்த தேனும் நஞ்சாகலாம். இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. பே லீஃப் மரத்துக்கும் லாரல் என்ற பேர் உண்டு, இதன் காய்ந்த இலையும் பார்க்கப் பிரியாணிக்குப் போடும் பே லீஃப் மாதிரியே இருக்கும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அம்மா அப்பாவிடம், மாமியாரிடம், முதல் வாரமே தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வாசலில் நிற்கும் எந்த இலையையும் கசக்கி முகர்ந்து பார்க்காமல் அவர்கள் இருக்க மாட்டார்கள். கசக்கினால் பே லீஃப் மணக்கும், இது மணக்காது. யாராவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் நஞ்சுத் தகவல் எண் 1-800-222-1222-ஐக் கூப்பிடுங்கள், அமெரிக்கா முழுக்க அதே எண், இரவிலும் எடுப்பார்கள்.

கடைசியாக வெட்டுவது. பூ உதிர்ந்ததும் பிசுபிசுவென்று இருக்கும் பழைய கொத்தைக் கையாலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள், பக்கத்தில் புதுத்துளிர் இருக்கும், அது உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் செடி விதை கட்டுவதில் சக்தியைச் செலவழித்துவிட்டு அடுத்த வருடம் பூவைக் குறைத்துவிடும். அடுத்த வருட மொட்டு இந்தக் கோடையிலேயே கட்டிவிடும் என்பதால் ஆகஸ்டுக்கு மேல் கத்தரி எடுத்தால் வெட்டுவது பூவைத்தான். பழைய வீடு வாங்கி, வாசலில் மூன்று தலைமுறை வயதில் கால் மட்டும் நீண்டு உச்சியில் நாலு இலையோடு ஒரு லாரல் நின்றால், பிடுங்கிப் போடாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தரையோடு தரையாக வெட்டிவிடுங்கள், அடியில் இருக்கும் கட்டை வேரிலிருந்து புதுசாகக் கிளம்பி வரும். சில வருடம் பூ இருக்காது. வீட்டில் யாராவது நல்ல செடியை நாசம் பண்ணிவிட்டாய் என்று திட்டினால், மூடாக்குப் போடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.